பெருக்கல் குறி மறைய எடுத்த நேரம்

வினைபடு பொருளின் செறிவு கூடினால் வினைவேகம் கூடும் என்று படிப்பது ஒரு வரிதான். எவ்வளவு கூடும் என்பது அளந்தால்தான் தெரியும். நான் அளந்து பார்த்தது சோடியம் தயோசல்பேட்டையும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வைத்து.

வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் கூம்புக் குடுவையை வைத்தேன். உள்ளே 50 மில்லி தயோசல்பேட் கரைசல். 5 மில்லி அமிலத்தை ஊற்றிய கணமே ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு லேசான நீலச் சாயலில் ஒரு மங்கல் தெரிந்தது. அடுத்த சில நொடிகளில் பால்போல வெளுத்து, மஞ்சள் தட்டி, மேலிருந்து பார்த்தால் குறியே தெரியவில்லை. கந்தகம் பிரிவதால் வரும் கலங்கல் இது. 27 நொடி. கூடவே சல்பர் டை ஆக்சைடும் வருவதால், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். முடிந்ததும் குடுவையை உடனே கழுவிவிட வேண்டும்.

அப்புறம் 25 மில்லி கரைசலோடு 25 மில்லி தண்ணீர். செறிவு பாதியானது, நேரம் 55 நொடியானது. 10 மில்லியோடு 40 மில்லி தண்ணீர் சேர்த்தபோது இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது. மொத்தக் கன அளவை மாற்றாமல் வைப்பதுதான் இதில் உயிர்நாடி. திரவத்தின் ஆழம் மாறினால் குறியை மறைக்கத் தேவையான கந்தகத்தின் அளவும் மாறிவிடும், ஒப்பிடவே முடியாது. வெப்பநிலையும் அப்படித்தான், சில டிகிரி ஏறினாலே வேகம் கூடிவிடும்.

நேரத்தை அப்படியே வரைந்தால் வளைகோடுதான் வரும். நேரம் குறைந்தால் வேகம் அதிகம் என்பதால், வேகத்தின் அளவாக 1-ஐ நேரத்தால் வகுத்துச் செறிவுக்கு எதிரே வரைந்தேன். புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில், ஆதிப்புள்ளியை நோக்கி அமர்ந்தன. துகள்கள் இரட்டிப்பானால் மோதல்களும் இரட்டிப்பாகும் என்பதை அந்தக் கோட்டில் பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. தயோசல்பேட்டைப் பொறுத்து இது முதல் வகை வினை, அதாவது வேகம் அதன் செறிவுக்கு நேர்விகிதத்தில், செறிவின் அடுக்கு 1.

சரி, அமிலம்? சமன்பாட்டில் ஒரு தயோசல்பேட்டுக்கு இரண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வருகிறது. அதைப் பார்த்து அமிலத்தின் அடுக்கு 2 என்று எழுதிவிடத் தோன்றும். தயோசல்பேட்டை மாற்றாமல் அமிலத்தின் செறிவை மட்டும் பாதியாக்கிப் பார்த்தேன். நேரம் பெரிதாக அசையவில்லை. வினை பல படிகளில் நடக்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பது அவற்றில் மெதுவான படி. அதனால் வேக விதியை, அதாவது வேகம் எந்தச் செறிவின் எந்த அடுக்கைப் பொறுத்தது என்பதை, சமன்பாட்டிலிருந்து எடுக்க முடியாது, சோதனையிலிருந்துதான் எடுக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்ட செறிவுகளில் அமிலத்தின் அடுக்கைப் பூஜ்ஜியத்துக்கு அருகில், அதாவது அதன் செறிவு வேகத்தை ஏறக்குறைய பாதிக்கவில்லை என்றே குறித்துக்கொண்டேன்.