மண்டூரானுக்கு அம்மா வைத்த நேர்கடன்

மண்டூர் முருகனை, எங்கள் மண்டூரானிடம் ஒன்றை நேர்ந்துவிட்டுத் தள்ளிப்போட எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் யாருக்கும் மனம் வராது. ஆனால் 2021இல் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கொரோனாவால் ஆகஸ்ட் 20ஆம் திகதி இரவு நாட்டைப் பூட்டினார்கள். அந்தக் கிழமையே அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். கூடப் போக எங்களை விடவில்லை. ஒக்சிசன் இறங்குகிறது என்று போன் வந்த இரவு அம்மா அழவில்லை. விடிய முதல் எழும்பித் தலைமுழுகி, ஈரப் புடவையோடு குருமண்வெளித் துறையடிக்குப் போய், வாவிக்கு அங்கால மண்டூர்ப் பக்கம் பார்த்து நின்றார். “இந்த மனிசன் உன்ர வாசலை நடந்து வந்து மிதிக்க வேணும். நான் மடிப்பிச்சை எடுத்துப் பொங்கி வைக்கிறன்” என்று சத்தமாகவே சொன்னார். ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அது ஓடாமல் கரையில் கட்டிக் கிடந்தது. கேட்க நானும் தண்ணீரும்தான்.

செப்டெம்பர் நடுவில் அப்பா வீட்டுக்கு வந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடை. ஒக்டோபர் 1ஆம் திகதி அதிகாலை ஊரடங்கு எடுபட்டது. எடுபட்டது என்றுதான் பெயர், ஊருக்குள் அந்தப் பயம் எடுபடவில்லை. சந்தையில் மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும் பார்த்து ஆள் மட்டுக்கட்டி, “இருக்கிறீங்களா?” என்று கேட்டுக்கொண்டோம். சுகமா என்று கேட்பதற்கு முதல் அந்தக் கேள்வி வந்தது. பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசை தொடங்கியிருந்தது. வரிசையில் நின்ற சனம் ஒருவர் தும்மினால் திரும்பிப் பார்த்தது.

இந்த நிலையில் எப்படி மடிப்பிச்சை எடுப்பது? கொரோனா வந்த வீடு என்று எங்கள் படலையில் ஒட்டிய அறிவித்தலைக் கிழித்து எடுத்தாலும் அதன் பசை அப்படியேதான் இருந்தது. எங்களைக் கண்டால் கதவைச் சாத்துவார்களோ என்று எனக்குப் பயம். “பிச்சை எண்டு வெளிக்கிட்டா, கதவைச் சாத்தினாலும் அடுத்த வாசலுக்குப் போகத்தானே வேணும்” என்றார் அம்மா. ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை காலை, மஞ்சள் சேலையில் மடியை ஏந்திக்கொண்டு வாய் திறக்காமல் முதல் படலையில் போய் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். மாதக்கணக்காக முற்றத்துக்கே வராத கிழவி ஒருத்தி, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு சுண்டில் அரிசி கொண்டுவந்து போட்டார். “அவர் எழும்பி நடக்கிறாரா கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அழுதார். வேலை இல்லாமல் இருந்த மேசன் ஒருவர் ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்றைக் கண்ணில் ஒற்றி மடியில் இட்டார். எங்களோடு வேலிச் சண்டையில் கதைக்காமல் இருந்த வீட்டுக்காரரும் அரிசிப் பேணியோடு படலையில் நின்றார்.

ஒழுங்கையின் கடைசி வீட்டை அம்மா கடந்து போகப் பார்த்தார். அந்த வீட்டுக்காரனை அப்பாவை ஏற்றிய அதே கிழமைதான் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை. பெட்டியைக்கூடத் திறந்து காட்டவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து கொஞ்ச நாள்தான். அந்த வீட்டுப் பிள்ளை படலைக்குள்ளே நின்றபடி, “நான் போடலாமா, மாமி? ஒண்ணாதெண்டா சொல்லுங்க” என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய் மடியை அகல விரித்துப் பிடித்தார். அவள் இரண்டு கையாலும் அள்ளிப் போட்ட அரிசியில் நெல்லும் கல்லும் கிடந்தன. புடைக்க அவளுக்கு மனம் எங்கே இருந்திருக்கும்? பின்னேரம் அம்மா எல்லா அரிசியையும் புடைத்தார். அந்த ஒரு மடி அரிசியை மட்டும் தனியே வைத்து, மணிமணியாகக் கல் பொறுக்கினார்.

அடுத்த நாள் வெள்ளி. பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி ஆட்டோவில் போவது அப்பாவுக்குச் சுகம். அம்மா கேட்கவில்லை, கும்பிட்ட துறையாலேதான் போக வேண்டுமாம். பாதையில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே அப்பாவை ஒரு சாக்கில் இருத்தினோம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் வைத்திருக்கும் அப்பாவுக்கு அதில் வருகிற ஆட்கள் எல்லாரும் பழக்கம். பெரும்போகத்துக்கு விதைத்தாகிவிட்டது, உரத்துக்கு எங்கே போவது என்ற கதையே கரை சேரும் வரை ஓடியது. இரசாயன உரத்தை மே மாதமே தடுத்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் இருந்தும் மஞ்சளித்து நிற்கப்போகிற பயிரை நினைத்து ஆளுக்காள் பெருமூச்சு விட்டார்கள். துணி மூட்டையோடு வந்த காத்தான்குடி நாநா ஒருவர் அப்பாவைக் கண்டதும் எழும்பி வந்து பக்கத்தில் குந்தினார். எங்கள் வீட்டுக்கு வருசா வருசம் துணி கொண்டு வருபவர். அவருடைய வாப்பாவை, கொரோனாவில் இறந்தவர்களை அடக்கிய ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கினார்களாம். “நீங்க திரும்பி வந்தீங்களே, அல்ஹம்துலில்லாஹ்” என்று அப்பாவின் முழங்காலைத் தட்டினார். கோயிலுக்குப் போகிறோம் என்றதும், “எங்களுக்கும் சேர்த்துக் கேளுங்க” என்றார்.

இறங்குதுறையில் தொடங்கியது தொல்லை. ஏறுங்க ஏறுங்க என்று ஆட்டோக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். பழையதைவிட இரட்டிப்புக் காசு. கோயிலடியில் அர்ச்சனைத் தட்டு விற்பவர்கள், செருப்பைக் கழற்ற முதலே தட்டைக் கையில் திணிக்கிறார்கள். அவர்களும் இத்தனை மாதம் யாவாரம் இல்லாமல் பட்டினி கிடந்தவர்கள் என்பது விளங்குகிறது. ஆனாலும் நோயாளி ஒருவரைத் தாங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் இப்படிச் செய்வது சரியில்லை. வாசலில் இடைவெளிக்கு வட்டம் கீறியிருந்தார்கள். ஒருவரும் வட்டத்துக்குள் நிற்கவில்லை. மாஸ்க்கை நாடியில் தொங்கவிட்டு, கையில் போனைத் தூக்கி வீடியோ எடுத்தபடி இடித்துத் தள்ளினார்கள். முருகனைக் கண்ணால் பார்க்க வந்தவர்களுக்கு இந்தப் போன் எதற்கு?

அந்த நெருக்கத்தில் அப்பாவுக்கு இருமல் வந்தது. கொரோனா போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் இருமல் விடவில்லை. அவ்வளவுதான், சனம் இரண்டு பக்கமும் விலகியது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். ஒருவர் “ஏன் இவரைக் கூட்டிவந்தீங்க?” என்றே கேட்டுவிட்டார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. இளமையில் இதே வீதியில் காவடி எடுத்து ஆடிய மனிதர் அவர். என் கையைப் பிடித்து, “வெளியால போவம், மகள்” என்றார்.

விலகிய சனத்தால் கருவறை வரை வழி திறந்து கிடந்தது என்பதை அம்மாதான் கண்டார். அப்பாவின் முதுகில் கையை வைத்து, “நடங்க” என்றார். அப்பா நடந்தார். சுவர் இல்லை, என் கையும் இல்லை. திரைக்கு முன்னால் போய் நின்றார்.

மத்தியானப் பூசை தொடங்கியது. பூசை செய்யும் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு வந்தார். மந்திரம் இல்லை, பேச்சு இல்லை. சின்னக் கதிர்காமம் என்று சொல்லும் இந்தக் கோயிலில் என்றைக்கும் அப்படித்தானே. பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி, அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் வாயும் கட்டியிருந்தது, எங்கள் வாய்களும் கட்டியிருந்தன. நாங்கள் நோய்க்குப் பயந்து கட்டியது, அவர் சுவாமிக்குப் பணிந்து கட்டியது. ஆனால் அந்த மணி அடித்த நேரம் எங்கள் கட்டும் பணிவாகவே மாறிவிட்டது என்று என் மனம் சொன்னது. துறையடியில் அம்மா கேட்டது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச மூச்சில்லாமல் அப்பா உள்ளுக்குள் கேட்டது, எல்லாம் அவன் காதில் விழுந்துதான் இருக்கிறது. தில்லை மரத்தில் வேலாக வந்து அமர்ந்தவனுக்கு எங்கள் வாய்ச் சத்தமா தேவை?

பூசை முடிந்து திருநீறு. தட்டில் வைத்திருந்ததை அவரவர் எடுத்துக்கொள்ளும்படிதான் அப்போது ஏற்பாடு. அப்பா தட்டுக்குக் கை நீட்டத் தயங்கினார், தான் தொட்டால் மற்றவர்கள் எடுக்கமாட்டார்கள் என்று. கப்புகனார் அதைப் பார்த்தார். வாய்க்கட்டு அவிழ்க்காமலே ஒரு பிடி திருநீற்றை அள்ளி, அப்பாவின் உள்ளங்கையைத் தன் கையால் ஏந்தி அதில் வைத்து மூடினார். ஆஸ்பத்திரியில் கையுறை போட்ட கைகள் தொட்டதற்குப் பிறகு, எங்களைத் தவிர அப்பாவைத் தொட்ட முதல் கை அது. அப்பா தேம்பித் தேம்பி அழுதார். ஏன் கூட்டிவந்தீங்க என்று கேட்டவரும் அழுதார்.

பொங்கல் வெளிவீதியில். அந்த ஒரு மடி அரிசியை அம்மா கடைசியாகப் போட்டார், அது மேலே வந்து பொங்கியது. குரங்குகள் வாழைப்பழச் சீப்பைப் பறித்துக்கொண்டு ஓடின, பாவம், இத்தனை மாதம் சனமில்லாத கோயிலில் அவற்றுக்கு என்ன கிடைத்திருக்கும்? கொழும்பில் இருக்கும் தம்பி வர முடியவில்லை, மாகாணம் விட்டு மாகாணம் போக அப்போது இன்னும் தடை. வெளியே வந்து போனில் அவனுக்கு அப்பாவைக் காட்டினோம். “நடந்தா போனீங்க?” என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டான்.

முருகா, யாருக்கு என்று நன்றி சொல்ல? பெயர் தெரியாத அந்தத் தாதிப் பிள்ளைக்கா, இரவிரவாக ஒக்சிசன் சிலிண்டர் உருட்டியவர்களுக்கா, படலையைத் திறந்து அரிசி போட்ட கைகளுக்கா? எல்லாம் நீதான் ஐயா. அந்தக் கடைசி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வழி காட்டு. நாநாவின் வாப்பாவுக்கும் நல்ல இடம் கொடு. படுவான்கரைப் பயிரைக் காப்பாற்று. வருகிற ஆவணிப் பூரணைத் தீர்த்தத்துக்குத் தம்பியையும் கூட்டிவந்து நிற்கிறோம், அப்பாவைக் காவடிக்கு முன்னால் நடக்க வை.