கேசட்டைத் திருப்பிப் போடும் வேலை

மைக்செட் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1987 சித்திரை மாதம். பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருந்தேன். வள்ளியூர்ப் பக்கம் அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் கொடைத் திருவிழா மும்முரமாக நடக்கிற காலம். கடையில் ஆள் போதவில்லை. "மரம் ஏறத் தெரியுமாலே?" என்று கடை முதலாளி அண்ணாச்சி கேட்டார். தெரியும் என்றேன். மறுநாள் காலையில் ஒரு தென்னை மரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் ஒரு மாதம் மரமும் ஒயரும்தான். அப்புறம் ராத்திரி வேலை ஒன்றைக் கொடுத்தார். வில்லுப்பாட்டு நடக்கும்போது மேடைக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். முடிகிற நேரத்துக்கு எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். இரண்டு பக்கமும் முடிந்தால் புதுக் கேசட். ராத்திரி 10 மணிக்கு வில் பூட்டினால் விடிய 4 மணி வரைக்கும் பாட்டு போகும். 4 கேசட் ஆகும். வேலை அவ்வளவுதான், ஆனால் கண் அசரக் கூடாது.

ஆம்ப்ளிஃபயரிலிருந்தே ஒயர் இழுத்துப் பதிந்துவிடலாமே என்று முதலில் எனக்குத் தோன்றியது. அப்படிச் செய்தால் கரண்டின் இரைச்சலும் சேர்ந்து பதியும் என்று அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். ரிக்கார்டருக்கென்று தனி மைக், கரண்டு இல்லாமல் ஓட 6 பெரிய பேட்டரி. அந்தப் பேட்டரியையும் ஒவ்வொரு கொடைக்கும் புதிதாக வாங்குவார். பேட்டரி இளைத்தால் டேப் மெதுவாகச் சுற்றும். அப்படிப் பதிந்ததைப் பிறகு சரியான வேகத்தில் போட்டால், கதையை முன்னின்று பாடுகிற புலவரின் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி கீச்சென்று கேட்கும். 'கேட்கிறவன் சிரிச்சிரக் கூடாதுல்லா' என்பார்.

திருப்பிப் போடுகிற அந்தச் சில நொடிகளில் பாட்டு விட்டுப் போகும். அதைக் குறைக்க ஒரு வழியை நானாகவே கண்டுபிடித்தேன். வில்லுப்பாட்டில் புலவர் ஓர் அடியைப் பாடினால் வலமும் இடமும் உட்கார்ந்திருக்கிற பக்கப்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கிப் பாடுவார்கள். நடுவில் வசனம் வரும், அதற்கு ஒருவர் 'ஆமா' போடுவார். 40 நிமிடம் தாண்டியதும் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். பக்கப்பாட்டு இரண்டாம் தடவை அதே அடியை எடுக்கிற நேரத்தில் கேசட்டை மாற்றினால் கதையில் ஒரு சொல்கூடக் குறையாது. இதற்காகவே கதைகளைக் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். இரண்டே வருடத்தில் சுடலைமாடன் கதையில் அடுத்த அடி என்ன வரும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

எதற்காக இப்படிப் பதிய வேண்டும்? அண்ணாச்சி சின்ன வயதில் கேட்ட ஒரு புலவர் இருந்தார். கொடையில் சாமி வரவேண்டிய நேரத்தில் பாடுகிறதை 'வரத்துப் பாடுறது' என்று சொல்வோம். அவர் வரத்துப் பாடினால் சாமியாடிக்கு மட்டுமில்லை, கூட்டத்தில் நிற்கிற பத்துப் பேருக்கும் அருள் வருமாம். அவர் இறந்தபோது அண்ணாச்சியின் கடையில் டேப் ரிக்கார்டர் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் அதில் சினிமாப் பாட்டு மட்டும்தான் ஓடியது. அவருடைய குரல் ஓர் அடிகூடப் பதிவாகவில்லை. இதை அண்ணாச்சி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

கடையை நடத்தியது சினிமாப் பாட்டுதான். இதை ஒளித்துச் சொல்ல எதுவும் இல்லை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாவற்றுக்கும் விடியக்காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, ராத்திரி வரைக்கும் சினிமாப் பாட்டு. புதுப் படத்தின் பாட்டு முதலில் எங்கள் குழாய் வழியாகத்தான் பல ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. டூரிங் டாக்கீஸில் படம் மாறினால் ரிக்‌ஷாவில் பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போவோம். நோட்டீஸுக்காகப் பிள்ளைகள் பின்னால் ஓடிவருவார்கள். எத்தனையோ நாள் அந்த மைக்கைப் பிடித்துப் பேசியது நான்தான். டாக்கீஸ்காரருக்கு வசூல் இல்லாத வாரங்களில் அண்ணாச்சி வாடகை கேட்க மாட்டார். "படம் ஓடுனாத்தான பாட்டு ஓடும்?" என்பார்.

அந்தப் பணம் எங்கே போனது என்பது கடை நோட்டில் இருந்தது. பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் வில்லுக்காரர்களுக்கும் நையாண்டி மேளக்காரர்களுக்கும் கணியான் கூத்துக்காரர்களுக்கும் கை நிறைய வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களில் அவர்கள் கடைக்கு வருவார்கள். வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அண்ணாச்சி கேட்காமலே கொடுப்பார். நோட்டில் 'குடம்', 'உடுக்கை', 'இடம்' என்று வாத்தியமும் உட்கார்ந்து பாடும் பக்கமும்தான் எழுதியிருக்கும், ஆள் பெயர் இருக்காது. கடை நோட்டு யார் கண்ணில் பட்டாலும் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல் வரக் கூடாது என்பதற்காக. சித்திரையில் திருப்பித் தருவார்கள். வட்டி கிடையாது. சிலர் தர முடியாமல் போனதும் உண்டு. அந்த வரிகளை அவர் அடிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

இன்னொரு செலவு பெட்டி ஸ்பீக்கர். குழாய் ஸ்பீக்கரின் சத்தம் தூரம் போகும், ஆனால் அடித்தொனி அதில் வராது. வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கிற அந்த 'தும்' என்ற சத்தத்தின் மேல்தான் மற்றதெல்லாம் நிற்கிறது. குழாயில் கேட்டால் வில்மணியும் உடுக்கையும் மட்டும் காதைக் கிழிக்கும், குடம் காணாமல் போய்விடும். இதற்காகவே இரண்டு பெரிய பெட்டி வாங்கினார். வாடகை ஒரு ரூபாய் கூடவில்லை. கொடைக் கமிட்டியில் யாரும் கேட்டு வாங்கியதும் இல்லை. பெட்டி வந்த முதல் நாள், குடம் அடிக்கிற பெரியவர் பாட்டு முடிந்ததும் நேராக அண்ணாச்சியிடம் வந்து, "இத்தன வருசத்துல நான் அடிச்சது இன்னைக்குத்தான் எனக்கே கேட்டுச்சு" என்றார். என்னுடைய வேலைக் காலத்தில் நான் கேட்ட மிகப் பெரிய பாராட்டு அதுதான். அது எனக்கு இல்லை என்றாலும், அந்தப் பெட்டியைச் சுமந்து இறக்கியவன் என்ற முறையில் கொஞ்சம் எனக்கும் சேரும்.

1990 வாக்கில் வீடியோ டெக் வந்தது. கொடை ராத்திரியில் டிவியும் டெக்கும் வைத்து மூன்று படம் போடுவார்கள். மேடையில் கதை நடக்கும்போதே கூட்டம் டிவிப் பக்கம் நகர்ந்துவிடும். புலவர் எதிரில் பாட்டிமார்கள் மட்டும் இருப்பார்கள். எங்கள் கடையும் டெக் வாடகைக்கு விட்டது. விடாவிட்டால் கடை நின்றிருக்காது. ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்தார். நள்ளிரவில் நடக்கிற சாமக்கொடையில் வரத்து முடிகிற வரைக்கும் டெக் ஓடாது, அதற்குச் சம்மதம் என்றால்தான் டெக் வரும். இதனால் சில ஊர்கள் கைவிட்டுப் போயின. நான்கூட அப்போது வாதாடினேன். வேறு கடைக்காரன் டெக் கொடுக்கப்போகிறான், நமக்கு மட்டும் ஏன் நஷ்டம் என்று கேட்டேன். "அவன் குடுக்கட்டும்லே. புலவர் நம்ம மைக்கு முன்னாலயில்லா உக்காந்திருக்காரு" என்றார். இன்றைக்கு அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணாச்சி சினிமாவை எதிரியாக நினைத்தவர் இல்லை. வில்லுப்பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு போனதில் சினிமாக்காரர்களுக்குப் பங்கு இருக்கிறது என்று அடிக்கடி சொல்வார். நாகர்கோவில்காரரான என்.எஸ்.கிருஷ்ணன் காந்தியின் கதையையே வில்லில் பாடினார். அதை எழுதியவர் திருநெல்வேலிச் சத்திரப்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம். அவர் பிறகு சினிமாவுக்கு நகைச்சுவைப் பகுதிகளும் எழுதினார், கடைசிவரை வில்லையும் விடவில்லை. 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, அடுத்த வருடம் காலமானார். பத்மஸ்ரீ செய்தி வந்தபோது அண்ணாச்சி இல்லை. இருந்திருந்தால் கடை முன்னால் குழாய் கட்டியிருப்பார்.

எங்கள் பதிவுகளால் ஒரு தடவை மனவருத்தமும் வந்தது. வெளியூர்க் கேசட் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து, ஒரு புலவருடைய முத்துப்பட்டன் கதையைக் கேட்டுவிட்டு, பிரதி எடுப்பதற்காகக் கேசட்டுகளை வாங்கிக்கொண்டு போனார்கள். புலவர் கையில் 500 ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் கேசட் திருவிழாக் கடைகளிலெல்லாம் விற்றது. அட்டையில் சாமி படம் இருந்தது, புலவரின் பெயர் இல்லை. அவர் அதைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு வில்லுக் கேசட் பதிந்து விற்றால், வெற்றுக் கேசட்டின் விலை போக வருவதில் பாதி அந்தக் குழுவுக்கு. நோட்டில் தனிப் பக்கம் போட்டோம். சினிமாப் பாட்டைக் கேசட்டில் பதிந்து விற்றபோது இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது ஊர் ஊருக்கு அப்படித்தான் நடந்தது. ஆனாலும் புலவருக்கு நடந்தது அநியாயம் என்று கொதித்த எங்களுக்கு இது உறைக்காமல் போனது எனக்கு இன்று வருத்தம்தான்.

2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை அரசு தளர்த்திக் கொடுக்கலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளையும் நோயாளிகளையும் நினைத்தால் விதி நியாயமானது. குழாய்ச் சத்தம் எத்தனை பேருக்குத் தொந்தரவாக இருந்தது என்பது அதைக் கட்டிய எனக்குத் தெரியும். ஆனால் பகல் முழுக்க அலறுகிற சினிமாப் பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி முழுக்க மெதுவாக விரிகிற கதைதான் குறுகிப்போனது. முத்துப்பட்டனை இப்போது இரண்டு மணி நேரத்தில் முடிக்கிறார்கள். ராத்திரிக் கதைக்கு மரத்தில் குழாய் வேண்டாம். மேடை முன்னால் அடக்கமாக இரண்டு பெட்டி போதும், தெருமுனை தாண்டிச் சத்தம் போகாது. இதைக் காவல் நிலையத்தில் அண்ணாச்சி பல தடவை எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

அண்ணாச்சி 2009-ல் போனார். கடை இப்போது அவர் மகனிடம் இருக்கிறது, எல்இடி விளக்கும் பெரிய ஸ்பீக்கருமாக. கேசட்டுகளை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. பாதியில் பூஞ்சை. வேலை முடிந்து வந்து தினமும் ராத்திரி ஒன்றிரண்டாகத் துடைத்து, கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 2018-ல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் வண்ணாரப்பேட்டை தங்கராசு நாயகனின் அப்பாவாக வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இதை மும்முரமாக ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துக் கூத்துக் கலைஞர் அவர். எத்தனையோ வருடம் ஆடியும், அவர் எவ்வளவு வறுமையில் இருந்தார் என்பதே அந்தப் படத்துக்கு அப்புறம்தான் பலருக்குத் தெரிந்தது. 2023-ல் இறந்துவிட்டார். அவரைப் போல மேடையில் மட்டுமே தெரிந்த எத்தனை பேருடைய குரல் என் வீட்டுப் பெட்டிக்குள் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது என்று அன்று ராத்திரி உறக்கம் வரவில்லை.

போன ஆடியில் ஒரு பையன் தேடி வந்தான். கேசட் அட்டையில் பெயர் விட்டுப்போன அந்தப் புலவரின் பேரன். அவனும் வில் எடுத்திருக்கிறான். தாத்தா பாடிய முத்துப்பட்டன் முழுதும் வேண்டும் என்றான். அவர் பாடியதில் எங்களிடம் இருந்தது இரண்டு பதிவு. கம்பெனிக்காரர்கள் கொண்டுபோனதில் கடைசி இரண்டு கேசட் எங்களுக்குத் திரும்பி வரவே இல்லை. மற்றது 1991 ஆடியில் நான் பதிந்தது. அதில்தான் நான் உறங்கிவிட்டேன். தொடர்ந்து மூன்றாவது ராத்திரி வேலை. மூன்றாம் கேசட்டின் முதல் பக்கம் முடிந்து ரிக்கார்டர் தானாக நின்றிருக்கிறது. செருப்பு தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணப்பதற்காகப் பூணூலை அறுத்தெறிந்த முத்துப்பட்டன், மாமனாருக்காகத் தன் கையால் செருப்பு தைத்துக்கொண்டு வருகிற இடம் முழுக்கப் போய்விட்டது. கதையை நாட்டுப்புற இலக்கிய ஆய்வாளர் நா.வானமாமலை பதிப்பித்திருக்கிறார், அச்சில் படிக்கலாம். அந்த இடத்துக்குப் புலவர் எடுத்த மெட்டு எங்கேயும் இல்லை.

பையனிடம் அப்படியே சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சரி, இருக்கிறதைக் கேட்போம் என்றான். முதல் பக்கம், செருப்புத் தைக்கத் தோல் எடுக்கிற இடத்தில் பாதி அடியில் அறுந்தது. இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். புலவர் குரல் வருவதற்கு முன்னால், மைக்குக்குத் தள்ளி நின்று யாரோ மெதுவாகப் பேசுவது கேட்டது.

"எலேய், ஒறங்கிட்டியா? சரி, சரி. போடு."

"யாரு அண்ணாச்சி அது?" என்றான் பையன். சொன்னேன். கணினியில் முன்பக்கத்தை வெட்டிவிடவா என்று கேட்க வந்தவன், கேட்காமல் கையை எடுத்துக்கொண்டான்.