கறை பட்டதும் ஸ்கேனுக்கு ஓடும் முன்

நாள் தள்ளிப்போய், கிட்டில் இரண்டு கோடு பார்த்த பிறகு உள்ளாடையில் கறை தெரிந்தால், 'கலைந்துவிட்டதோ' என்றுதான் எவருக்கும் தோன்றும். முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படிப் படுகிறது. லேசாகப் பட்டு நின்றவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பம் தொடரவே செய்கிறது.

முதலில் ஒரு பேட் வையுங்கள். டாம்பானும் கப்பும் வேண்டாம். எவ்வளவு போகிறது என்பது பேடில்தான் தெரியும். மணி, நிறம், அளவு மூன்றையும் போனில் குறியுங்கள். கட்டியாக வந்தால் படம் எடுத்து வையுங்கள். பழுப்பு என்றால் பழைய ரத்தம் மெதுவாக வெளியேறுகிறது. முந்தைய நாள் உடலுறவோ உள்பரிசோதனையோ நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்; கர்ப்பத்தில் கருப்பைவாய்க்கு ரத்த ஓட்டம் கூடுவதால் லேசாக உரசினாலே கசியும்.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கக் கூடாத நிலைமைகள் உண்டு: ஒரு மணி நேரத்தில் பேட் முழுக்க நனைவது, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், காய்ச்சல். இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. மயக்கமோ கடும் வலியோ என்றால் 108. கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேதான் கொட்டும். வெளியே சொட்டுதானே என்று ஆறுதல்பட முடியாது.

இவை எதுவும் இல்லையென்றால், அன்றே டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டு ஸ்கேன் தேதியைக் கேளுங்கள். அவசரப்பட்டு 5 வாரத்தில் (கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது) போய்ப் பயந்து திரும்புபவர்கள்தான் அதிகம். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில் அப்போது கருவைச் சுற்றிய பை மட்டும்தான் தெரியும். கருவின் இதயத் துடிப்பு தெரிய 6 வாரம் தாண்ட வேண்டும். அதுவும் 28 நாள் சுழற்சிக் கணக்கு. 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவருக்கு '6 வாரம்' என்பது உண்மையில் 5 வாரம்தான். உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். வயிற்றுக்கு மேல் எடுப்பதற்குத்தான் தண்ணீர் குடித்து அடக்க வேண்டும். நம் ஊரில் எஃப் படிவத்தில் (கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்துக்கான படிவம்) கையெழுத்து வாங்குவார்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஸ்கேனால் கரு கலையாது.

கரு 7 மில்லிமீட்டரை எட்டாத நிலையில் துடிப்பு தெரியவில்லை என்றால் அன்றே முடிவு கட்டக் கூடாது. குறைந்தது 7 நாள் கழித்து மறு ஸ்கேன். அதற்குள் கருப்பையைச் சுத்தம் செய்யவோ கலைக்க மாத்திரை போடவோ சொன்னால், என்ன அளவு இருந்தது என்று கேளுங்கள்.

பீட்டா எச்சிஜி (கர்ப்ப ஹார்மோனின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொன்னால் 48 மணி இடைவெளியில் இரண்டு முறை, அதே லேபில். ஒற்றை எண்ணை வைத்துக் கரு வளர்கிறதா என்று சொல்ல முடியாது. இரட்டிப்பாகவில்லையே என்று அழுபவர்கள் நிறைய. ஆரம்ப அளவு 1500-க்குள் இருந்தால், நன்றாக வளரும் கருவுக்கும் பாதியளவு மட்டுமே கூடியிருக்கலாம். கூடியதாலேயே கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்றும் ஆகிவிடாது. அதை ஸ்கேன்தான் சொல்லும்.

ரத்த வகை நெகட்டிவ் என்றால் முதல் போனிலேயே சொல்லுங்கள். ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்தைப் பாதிக்கும் எதிர்ப்புப் பொருள் தாயின் ரத்தத்தில் உருவாகாமல் தடுப்பது) தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 12 வாரத்துக்கு முன் போடுவதா என்பதில் டாக்டருக்கு டாக்டர் வழக்கம் மாறும்.

படுத்தே கிடப்பதால் கரு நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. படுத்திருக்கும்போது உள்ளே தேங்கும் ரத்தம் எழுந்ததும் மொத்தமாக வந்து, கூடிவிட்டது போலப் பயமுறுத்தும், அவ்வளவுதான். 'பப்பாளி சாப்பிட்டியா' என்ற விசாரணையும் எப்படியும் வரும். ஆரம்பத்தில் கலைபவை பெரும்பாலும் குரோமோசோம் கோளாறால் கலைபவை; சாப்பிட்டதாலோ பஸ்ஸில் போனதாலோ அல்ல. முன்பு கருச்சிதைவு ஆகி இப்போதும் ரத்தம் பட்டால், கரு கருப்பைக்குள் இருப்பது ஸ்கேனில் உறுதியான பிறகு, கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் 400 மில்லிகிராம் தினம் இரு வேளை பிறப்புறுப்புக்குள் வைக்கத் தருவது உண்டு. அந்த மருந்து கரைந்து வெள்ளையாக வழியும்; பழைய கறையோடு கலந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்து தனியாக ஒரு பீதியைக் கிளப்பும்.

கருவைச் சுற்றிய பைக்குப் பக்கத்தில் ரத்தம் கட்டியிருப்பதாக ரிப்போர்ட்டில் வந்தால், பழுப்புக் கறை சில வாரம்கூட நீடிக்கலாம். மறுபடி சிவப்பாக மாறினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி போன் செய்யுங்கள்.