ஸ்டெப்னிக்கும் அதே போல்ட்டா?

போலோ, ரேபிட் மாதிரி நட்டுக்குப் பதில் போல்ட் போடும் காரில் வெளி அலாய் வீல் மாட்டியிருக்கிறீர்களா? ஸ்டெப்னி ஸ்டீல் வீல்தானே? அப்படியென்றால் கம்பெனி கொடுத்த பழைய போல்ட்டுகளைத் தயவுசெய்து டிக்கியிலேயே போட்டு வையுங்கள்.

அலாய் தடிமன் என்றால் அதற்கு நீளமான போல்ட் கொடுத்திருப்பார்கள். அதையே மெல்லிய ஸ்டீல் வீலில் முறுக்கினால் நுனி உள்ளே நீண்டு, பின்சக்கர டிரம் பிரேக்கின் பாகங்களில் இடிக்கலாம். போல்ட் தலைக்கு அடியில் வீலில் உட்காரும் இடத்தையும் பாருங்கள். போலோவின் கம்பெனி போல்ட்டில் அது உருண்டை. வெளி அலாய் போல்ட்டில் பெரும்பாலும் கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பைப் போட்டால் இறுகியது போலத்தான் தெரியும், ஓட ஓடத் தளர்ந்துவிடும். எனக்குப் பெரிய பயம் இதுதான்.

மாட்டியதும், ஜாக்கியை இறக்கும் முன் ஹேண்ட்பிரேக் பிடிக்காத முன்சக்கரம் என்றால் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். உரசினால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.