மூன்றாம் படியிலிருந்து முதலாம் படிக்கு

தம்பலகாமத்தில் நான் வேலை செய்யும் அரிசி ஆலையில் முதலாளிக்கு நெடுநாள் ஆசை ஒன்று. கொதிகலன், உலர்த்தி, அரைக்கும் இயந்திரம் எல்லாவற்றிலும் சென்சர் பூட்டி, எது எப்போது பழுதாகப் போகிறது என்று போனிலேயே பார்க்க வேண்டும். விலைமனுவும் வந்துவிட்டது. கையொப்பம் வைக்க முன் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஒருதரம் பார்ப்போம் என்றேன். பார்க்கும் பொறுப்பு எனக்கே வந்தது.

ஜெர்மனியின் அகாடெக் நிறுவனம் 2017இல் வெளியிட்ட தொழிற்துறை 4.0 முதிர்வுச் சுட்டியை எடுத்துக்கொண்டேன். இயந்திரங்களையும் கணினிகளையும் இணைத்து, தரவைக் கொண்டு ஆலையை நடத்துவதுதான் தொழிற்துறை 4.0. அந்த வழியில் ஓர் ஆலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளப்பது இந்தச் சுட்டி. அதில் ஆறு படிகள்: கணினி வருதல், கருவிகள் ஒன்றோடொன்று இணைதல், நடப்பது தெரிதல், ஏன் நடக்கிறது என்று புரிதல், நடக்கப்போவதை முன்னறிதல், கடைசியாக, நிலைமைக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளுதல். முதல் இரண்டும் அத்திவாரம் மட்டுமே. மூன்றாம் படியிலிருந்துதான் 4.0 என்ற பேச்சே தொடங்குகிறது. அதே ஆண்டு வந்த சிங்கப்பூர்ச் சுட்டியையும் புரட்டினேன். அதில் 16 தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. நெல்லை அவித்துக் குற்றி மூட்டை கட்டும் எங்களுக்குப் பொருந்தாத தலைப்புகளை வெட்டிவிட்டேன். அப்படி வெட்டினால் மதிப்பெண்ணை வேறு ஆலைகளோடு ஒப்பிட முடியாது. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

முதல் முறை இரவில் தனியே இருந்து நிரப்பினேன். மூன்றாம் படி என்று வந்தது. லொறித் தராசில் டிஜிட்டல் திரை இருக்கிறது, கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது, கொதிகலன் மானியின் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது, பிறகென்ன என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லாரும் திரும்பிய பிறகு, போர்மன், கொதிகலன் பார்க்கும் கிண்ணியா நானா, கணக்குத் தங்கச்சி, வாசல் காவலாளி நால்வரையும் இருத்தி அதே கேள்விகளை வாசித்தேன். இரண்டரை மணி நேரம் போனது. இந்தச் சுட்டிகளால் பயன் உண்டா என்று யார் கேட்டாலும் அந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

"மானி காட்டுது தம்பி, ஆனா ஆரு எழுதி வைக்கிற?" என்றார் நானா. படம் முதலாளியின் போனுக்குப் போகிறது, அடுத்த நாள் அதைத் தேடி எடுக்க ஒருவரும் இல்லை. தராசுத் திரையில் தெரியும் எண்ணைத் துண்டில் எழுதி, தங்கச்சி திரும்பவும் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். 6740 ஒருமுறை 6470 ஆனதை அவளே சொன்னாள். இரண்டு இடத்திலும் கருவி இருக்கிறது, நடுவில் இணைப்பு இல்லை. முதலாம் படிக்கும் இரண்டாம் படிக்கும் உள்ள இடைவெளி இதுதான்.

அதைவிடப் பெரியது ஒன்று வெளிவந்தது. ஒரே நெல்லுக்கு எங்களிடம் மூன்று பெயர்கள். வாசலில் அது லொறி இலக்கம், களஞ்சியத்தில் 'கிழக்குப் பக்க அடுக்கு', கணக்கில் விவசாயியின் பெயர். வாசலில் ஈரப்பதம் அளக்கிறோம், கடைசியில் அரிசி, குறுணல், தவிடு எல்லாவற்றையும் நிறுக்கிறோம். ஆனால் 14 சதவீத ஈரத்தில் வந்த நெல் எவ்வளவு அரிசி தந்தது, 18இல் வந்தது எவ்வளவு தந்தது என்று கேட்டால் எவராலும் சொல்ல முடியாது. இந்த நிலையில் சென்சர் தரும் தரவை எதோடு சேர்த்துப் பார்ப்பது? எங்கள் உண்மையான இடம் முதலாம் படி.

முதலாளியிடம் சொல்லப் பயமாக இருந்தது. அகாடெக் அறிக்கையில் உள்ள ஒரு கருத்து கைகொடுத்தது: எல்லாரும் ஆறாம் படிக்கு ஏற வேண்டியதில்லை, செலவையும் பலனையும் பார்த்து இலக்கை நிறுவனமே தீர்மானிக்கலாம். "அப்ப எங்களுக்கு எந்தப் படி காணும்?" என்று கேட்டார். தராசுக்கும் நெற்கணக்கிற்கும் மூன்றாம் படி, மற்றவை இப்போதைக்கு இருந்தபடியே இருக்கட்டும் என்றேன். சென்சர் விலைமனுவைத் தள்ளிவைத்தார்.

முதலில் செய்தது காசில்லாத வேலை. வாசலில் கொடுக்கும் தொகுதி இலக்கம் ஒன்றே ஊறல் தொட்டி, உலர்த்தி, அரைவை, மூட்டை வரை கூடப்போக வேண்டும். அட்டையில் எழுதி அடுக்கில் தொங்கவிட்டோம். அதன் பிறகுதான் தராசிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்தோம்.

அட்டை தொங்கியதும் எழுத்து வந்துவிடவில்லை. நானா இரண்டு கிழமை நீராவி நேரத்தைக் கொப்பியில் எழுதவே இல்லை. தவறை எழுதினால் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற பயம். அகாடெக் சுட்டியில் பார்க்க வேண்டிய வளங்கள், தகவல் அமைப்பு, நிறுவன அமைப்பு ஆகியவற்றோடு நான்காவதாகப் பண்பாடும் நிற்கிறது. வாசித்தபோது அந்தப் பக்கத்தை வேகமாகக் கடந்திருந்தேன். கொப்பியை வைத்து எவருக்கும் ஒரு சதமும் வெட்டுவதில்லை என்று முதலாளி எல்லாரையும் கூட்டிச் சொன்னார். அடுத்த நாள் நானாவின் கையெழுத்தில் முதல் வரி இருந்தது: நீராவி பிந்திய நேரமும், உமி நனைந்திருந்தது என்ற காரணமும்.

சிறுபோக நெல் முடிந்ததும் அதே ஐந்து பேர் மறுபடி இருந்தோம். தராசு இரண்டாம் படிக்கு வந்திருந்தது, மற்றவை அசையவில்லை. ஆனால் தொகுதிவாரியாக அரிசி எவ்வளவு வந்தது என்று தங்கச்சி ஒரு தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஈர நெல்லின் வரிசையில் குறுணல் கூடியிருந்த இடங்களைப் போர்மன் சிவப்புப் பேனையால் வட்டமிடத் தொடங்கினார். அந்தத் தொகுதிகள் எந்த உலர்த்தியில் காய்ந்தன என்று நானா கேட்டார். அட்டைக் கட்டை எடுத்துவரக் காவலாளி எழுந்து போனார்.