கடற்கரைப் பள்ளியில் காலை இருபது நிமிடம்

மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாக் கரையில், வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும் தொலைவில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பதினாறு ஆண்டுகளாக இடைநிலை ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு. எங்களுடையதும் அந்தக் கணக்கில் அடங்கிய ஈராசிரியர் பள்ளிதான். நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்ள, ஒன்று முதல் மூன்று வரை மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் என்னிடம் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்புகளும் என் பொறுப்பாகிவிடும். இத்தகைய பள்ளியில் ஆசிரியர் வாய் திறந்து சொன்னால்தான் எதுவும் நடக்கும் என்ற நிலை இருந்தால், நண்பகலுக்குள் தொண்டை கட்டிவிடும், பாடமும் நடந்திருக்காது.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் எனக்கு இது புரியவில்லை. ஒழுங்கு என்றால் கால அட்டவணை என்று நினைத்தேன். வண்ணத் தாளில் அழகாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் மணி அடித்த பிறகு வருபவர்கள் தாழ்வாரத்தில் கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்று விதியும் வைத்தேன். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ஒரே வாரத்தில் நான்கு நாள் நின்றான். ஐந்தாம் நாள் சரியான நேரத்துக்கு வந்தவன், பென்சிலை ஆள்காட்டி விரலில் படாமல் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு எழுதினான். கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியில் குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து கீறல்கள். உப்புத் தண்ணீரில் ஊறி ஓரங்கள் வெளுத்து உப்பியிருந்தன. நண்டு வலை கரைக்கு வந்ததும் விடியற்காலையிலிருந்து அம்மாவோடு உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறான். வியாபாரியின் வண்டி வருவதற்குள் கழற்றாவிட்டால் அன்றைய விலை போய்விடும். பிள்ளை அந்த வேலையைச் செய்வதை நான் இன்றும் ஏற்கவில்லை. அதைப் பேச வேண்டிய இடம் அவன் வீட்டு வாசல் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். மாலையில் போய்ப் பேசினேன். தாழ்வாரத்தில் நிறுத்தும் விதியை மறுநாளே எடுத்துவிட்டேன்.

விதியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. பிள்ளைகள் ஒன்பது மணிக்கும் வருகிறார்கள், ஒன்பதே காலுக்கும் வருகிறார்கள். நீர் நன்றாக வற்றும் நாள்களில் தாய்மார்கள் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் விடியலிலேயே போய்விடுவார்கள்; அன்று மூத்த பெண் பிள்ளை தம்பியைக் குளிப்பாட்டி, தலை வாரி, கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கு வர முடியும். விசைப்படகு கடலுக்குப் போகும் நாள் வேறு, நாட்டுப்படகு போகும் நாள் வேறு என்பதால் வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு விதமாக விடிகிறது. எந்த நிமிடத்தில் உள்ளே நுழைந்தாலும், யாரிடமும் எதுவும் கேட்காமல் அன்றைய வேலையில் ஒரு பிள்ளை கலந்துவிடும்படி காலையின் முதல் இருபது நிமிடத்தை அமைப்பதற்கு எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. என் ஆசிரியப் பணியில் நான் செய்த உருப்படியான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது நடப்பது இதுதான். செருப்பை மணல் தட்டி, சுவரோரம் வரைந்த கோட்டில் இணையாக விட வேண்டும். பையை ஆணியில் மாட்டியதும் தன் பெயர் எழுதிய அட்டையை 'வீடு' என்ற பையிலிருந்து எடுத்து 'பள்ளி' என்ற பையில் போட வேண்டும். வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன்பே யார் வரவில்லை என்பது எனக்கும், அதைவிட முக்கியமாகப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். பிறகு கீழ்மட்டக் கரும்பலகையில் தனக்குரிய கட்டத்துக்கு முன் உட்கார்ந்து, முந்தைய நாள் கற்ற ஐந்து சொற்களையோ ஐந்து கணக்குகளையோ எழுத வேண்டும். அந்தக் கரும்பலகைகள், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறையின் காலத்தில் வந்தவை. 2007-08-இல் அந்த முறை மாநிலம் முழுவதும் பரவியபோது, கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி விளக்கப்படங்களும் அட்டைகளும் வந்தன. பிறகு முறைகள் மாறி, 2022 ஜூனில் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அட்டைகள் போய்விட்டன, சுவரில் பிள்ளையின் தோள் உயரத்துக்கு இருக்கும் கறுப்புப் பட்டை போகவில்லை. எனக்குத் தெரிந்து ஒரு தொடக்கப் பள்ளி அறைக்குச் செய்த மிகச் சிறந்த மாற்றம் அதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அறையில் சொந்தமாக ஓர் இடம் கிடைத்தது.

பென்சிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "டீச்சர், பென்சில் முனை ஒடிஞ்சிருச்சு" என்ற குரல் ஒரு முற்பகலில் எத்தனை முறை வருகிறது என்று ஒரு நாள் கோடு போட்டு எண்ணினேன், பத்தொன்பது முறை. ஒவ்வொரு முறையும் நான் நடத்திக்கொண்டிருந்த குழு கலைந்தது. மறுநாள் இரண்டு பிஸ்கட் டப்பாக்களைக் கொண்டுவந்து ஒன்றில் 'கூர்' என்றும் மற்றொன்றில் 'மொட்டை' என்றும் எழுதினேன். முனை ஒடிந்தால் எழுந்து போய் மொட்டை டப்பாவில் போட்டுவிட்டு, கூர் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உட்கார வேண்டும். கேட்க வேண்டியதில்லை. அந்த வாரப் பொறுப்பில் உள்ள பிள்ளை மாலையில் மொட்டைகளைச் சீவி வைக்கும்; காலையில் எண்ணிப் பார்த்து எண்ணிக்கையைப் பலகையின் ஓரத்தில் எழுதும். சொந்தப் பென்சில், உன் பென்சில், என் பென்சில் என்ற சண்டையும் இதனால் நின்றுபோனது. எல்லாப் பென்சிலும் வகுப்பின் பென்சில். முதல் மாதத்தில் மட்டும் எட்டு காணாமல் போயின. கேட்டு மிரட்டவில்லை, எண்ணிக்கையை எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. இரண்டாம் மாதத்தில் ஐந்து திரும்பி வந்தன.

இவற்றை எல்லாம் சொல்லிக் கொடுப்பதற்கு ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களை முழுமையாக ஒதுக்குகிறேன். செருப்பு விடுவதை, பாய் சுருட்டுவதை, தண்ணீர்க் குடத்தின் அருகே ஒருவர் பின் ஒருவராக நிற்பதை, ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுப்பது போலவே திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறோம். பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர், "பாடம் எப்போது தொடங்கும்?" என்று கேட்டார். இதுதான் முதல் பாடம் என்றேன். அவருக்கு அது நிறைவளிக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரத்தை விட்டுக்கொடுத்த ஆண்டில் அக்டோபர் வரை கத்திக்கொண்டே இருந்தேன் என்பது என் அனுபவம்.

இன்னொரு வசதியும் அந்த நாள்களுக்கு உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறந்து தடை முடிவதற்குள் கிடைக்கும் சில நாள்களில் தகப்பன்மார்கள் கரையில் இருக்கிறார்கள். ஆண்டின் மற்ற மாதங்களில் பெற்றோர் கூட்டம் என்றால் தாய்மார்களும் பாட்டிமார்களும்தான் வருவார்கள். இந்த நாள்களில் மட்டும் படகுக்காரர்களின் கைகள் வகுப்பறைக்குக் கிடைக்கின்றன. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் எங்கள் அறையில் எந்தத் தாளும் சுவரில் நிற்காது. மேற்குச் சன்னல் வழியே மணலோடு வரும் காற்று, பசை போட்டு ஒட்டிய படத்தையும் ஒரு வாரத்தில் உரித்துவிடும். சணல் கட்டிப் பார்த்தேன், அறுந்துபோனது. "இந்தக் காத்துக்கு இதெல்லாம் தாங்காது டீச்சர், நம்ம கயிறுதான் தாங்கும்" என்று சொல்லி, ஒரு மாணவியின் அத்தா (தகப்பனார்) வலைக்கு மேல்கயிறாகப் போடும் நைலான் கயிற்றைச் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிக் கொடுத்தார். பழைய வலைத் துண்டு ஒன்றை அதிலிருந்து தொங்கவிட்டு, கீழ் ஓரத்தில் ஈயக் குண்டுகளை அப்படியே விட்டுவைத்தார். வலை காற்றில் பறக்காமல் விறைப்பாக நின்றது. பெயர் அட்டைகளுக்கான இரண்டு பைகளும், பிள்ளைகளின் படைப்புகளும் இன்று அந்த வலையில்தான் இருக்கின்றன. கண்ணிக்குள் அட்டையைச் செருகினால் போதும்.

அமைதிக்கான சைகையும் அந்த வீட்டிலிருந்து வந்ததுதான். முதலில் கைமணி வைத்திருந்தேன்; மணியை அடித்தால் பக்கத்து அறையில் நான்காம் வகுப்பும் நின்றுவிடும். கைதட்டினால் பிள்ளைகளும் தட்டினார்கள். ஒரு நாள் அந்த மாணவி, "எங்க அத்தா போட்டுல இஞ்சின் சத்தத்துல கத்த மாட்டாக டீச்சர், கையத்தான் தூக்குவாக" என்றாள். உள்ளங்கையை விரித்து உயர்த்தினால் 'நில்', தாழ்த்தினால் 'மெதுவாக', விரலைச் சுழற்றினால் 'சுருட்டிக்கொண்டு கிளம்பலாம்' என்று அவளே காட்டினாள். பாதிப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் கற்றுக்கொள்ள ஒரு நாள் ஆயிற்று.

உட்காரும் இடத்தைப் பொறுத்தவரை, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள இந்த மாவட்டத்து ஆசிரியர் எவருக்கும் உரிமையில்லை என்று கருதுகிறேன். 1931-இல் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஐந்தாம் வகுப்பில் முன்வரிசையில் கோயில் அர்ச்சகரின் மகனாகிய தம் நண்பரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும், புதிதாக வந்த ஆசிரியர் தம்மைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னதையும், நண்பரின் தந்தையே அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்ததையும் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். குடியரசுத் தலைவர் பதவி வரை போனவருக்கும் அந்த இடமாற்றம் மறக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் மூன்று தெருக்களிலிருந்து வருகிறார்கள். விட்டுவிட்டால் தெரு தெருவாகத்தான் உட்காருவார்கள். அதனால் பாய்களுக்கு மீன்களின் பெயர் வைத்து, திங்கள்தோறும் குலுக்கல் சீட்டில் இடம் மாற்றுகிறோம். அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பக் குழு பிரிக்கும் நேரம் தனி. அது முடிந்ததும் அவரவர் பாய்க்குத் திரும்பிவிட வேண்டும். அரும்பில் இருக்கும் பிள்ளை நாள் முழுவதும் அரும்பாகவே அடையாளம் காணப்படக் கூடாது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன்.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது எங்கள் இருபது நிமிடம் ஒருமுறை குலைந்து மீண்டது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கும் இடத்தையும், கை துடைக்கும் துணியையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. அதைத் தவிர எல்லாம் நன்மைதான். வெறும் வயிற்றோடு பலகை முன் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துவிடும் பிள்ளைகள் இப்போது இல்லை. கைபேசிச் செயலியில் வருகையைப் பதிவேற்ற, சிக்னல் கிடைக்கும் வேப்ப மரத்தடிக்கு நான் தினமும் போகிறேன். திரும்பி வரும்வரை அறை தானாக நடக்கிறது.

கடைசியாக ஒரு பலகையைப் பற்றி. வாசலருகே 'இன்று கடல்' என்று ஒரு சிறு பலகை இருக்கிறது. தேதி, காற்றின் திசை, பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் அதன் எண், யார் யார் வீட்டில் கடலுக்குப் போயிருக்கிறார்கள் என்பதை ஒரு பிள்ளை காலையில் எழுதும். எழுத்துப் பயிற்சியாகத்தான் தொடங்கினேன். சில ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தகப்பனார் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் சிறையில் இருந்தார். அந்தச் செய்தி வந்த மறுநாள் காலையில் நான் பலகையைத் துடைத்துவிட்டு, அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அவன் வந்து செருப்பை விட்டான், அட்டையை மாற்றினான், பென்சில் டப்பாவை எண்ணினான். அந்த வாரம் அவன் முறை. பிறகு பலகையிடம் போய் நின்று, "இன்னைக்குக் காத்து எழுதலையே டீச்சர்" என்றான். பலகையைத் திருப்பிக் கொடுத்தேன். வாடை என்று எழுதினான். கடலுக்குப் போனவர்கள் வரிசையில் தன் வீட்டை எழுதலாமா என்று கேட்டான். உன் விருப்பம் என்றேன். எழுதினான்.

அடுத்த திங்களன்று பென்சில் பொறுப்பைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னான். முறை மாற்றுவதில் நான் கண்டிப்பானவள். அவனுக்காக மட்டும் விட்டுக்கொடுத்தேன், மற்றப் பிள்ளைகளும் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் அழுகையும் ஆள்கூட்டமுமாக இருந்த அந்த வாரங்களில் அவன் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் ஒன்பதே கால் இருக்கும், தகப்பனார் தாடியோடு பள்ளி வாசலில் வந்து நின்றார். முந்தைய இரவுதான் ஊர் வந்து சேர்ந்திருந்தார். சாப்பிடாமல் கிளம்பி வந்த மகனுக்கு வீட்டிலிருந்து ஏதோ பொட்டலம் கொண்டுவந்திருந்தார். சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, போ என்று அவனுக்குச் சைகை காட்டினேன். அவன் மடியில் கூர் டப்பா இருந்தது. எண்ணி முடித்து, எழுந்து போய்ப் பலகையின் ஓரத்தில் முப்பத்தொன்பது என்று எழுதிவிட்டு, டப்பாவை அதன் இடத்தில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் வாசலுக்கு ஓடினான்.