சுளுக்குதானேன்னு விட்ட என் வலது கால்

போன மார்ச்ல மொட்டை மாடில காயப்போட்ட துணிய அள்ளிட்டு எறங்குறப்போ, படி முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு கால வச்சேன், இன்னும் ஒரு படி இருந்துச்சு. வலது பாதம் உள்பக்கமா மடங்கி மொத்த ஒடம்பு பாரமும் அது மேல விழுந்துச்சு. உள்ளுக்குள்ள கயிறு தெறிச்ச மாதிரி ‘டப்’புன்னு ஒரு சத்தம். அப்படியே துணியோட உக்காந்துட்டேன், அஞ்சு நிமிஷத்துல கணுக்கால்ல வெளிப்பக்க மொளிக்கு முன்னாடி கோழிமுட்டை சைஸ்ல வீங்கிடுச்சு.

அத்தை ஓடி வந்து பாத்துட்டு, “சுளுக்குதாம்மா, நல்லெண்ணெய சூடு பண்ணி நீவி விட்டா சரியாயிடும்”னாங்க. பாசத்துல சொன்னதுதான், அவங்க காலம் பூரா அதத்தான் பாத்துருக்காங்க. நல்லா அழுத்தி நீவி, மேல வெந்நீர் ஒத்தடமும் குடுத்தோம். ராத்திரிக்குள்ள வீக்கம் இன்னும் ஏறிடுச்சு, மறுநாள் பாத்தா குதிகால் வரைக்கும் கருநீலமா ரத்தம் எறங்கியிருக்கு.

டாக்டர் எடுத்தவுடனே எக்ஸ்ரே எழுதல. ரெண்டு மொளிக்கும் பின்னாடி எலும்பு ஓரமா அழுத்தி பாத்தாரு, சுண்டுவிரல் பக்கம் பாதத்தோட நடு எலும்ப அழுத்துனாரு, அப்புறம் நாலு அடி நடந்து காட்ட சொன்னாரு. 1992-ல கனடாவுல ஒட்டாவா டாக்டருங்க கொண்டுவந்த முறையாம். அந்த எடங்கள்ல எலும்பு வலிச்சாலோ, நாலு அடி கூட வைக்க முடியலன்னாலோ எக்ஸ்ரே கட்டாயம் எடுக்கணும். எனக்கு நொண்டியாவது நடக்க முடிஞ்சுது, வலி எலும்புல இல்ல, லிகமெண்ட்ல.

நாம எல்லாத்தையும் சுளுக்குன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுறோம், ஆனா உள்ள நடக்குறது ரெண்டு வேற விஷயம். எலும்பையும் எலும்பையும் சேத்துக் கட்டுற நார்தான் லிகமெண்ட், மூட்டு மடங்கி அது இழுபட்டாலோ கிழிஞ்சாலோ அது ஸ்ப்ரெய்ன். தசையோ, தசைய எலும்போட சேக்குற நாணோ இழுபட்டா அது ஸ்ட்ரெய்ன், குனிஞ்சு கேஸ் சிலிண்டர தூக்குறப்போ இடுப்புல ‘பளிச்’னு பிடிக்குதே, ஓடுறப்போ தொடைக்குப் பின்னாடி சுண்டி இழுக்குதே, அது பெரும்பாலும் இந்த வகைதான். தசைக்கு ரத்த ஓட்டம் ஜாஸ்தி, அதனால சீக்கிரம் ஆறும். லிகமெண்டுக்கு கம்மி, அது மெதுவாத்தான் ஆறும். கணுக்கால்ல உள்பக்க லிகமெண்ட் தடிமனா பலமா இருக்கு, வெளிப்பக்கம் இருக்குறதுங்க மெலிசு, அதான் கால் உள்பக்கமா மடங்குறப்போ வெளிப்பக்கம் கிழியுது.

அன்னைக்கு நாங்க நீவுனது, கிழிஞ்சு ரத்தம் கசியுற எடத்த. மொத ரெண்டு மூணு நாள் நீவவும் கூடாது சூடும் கூடாது. துணில சுத்துன ஐஸ் ஒரு கால் மணி நேரம் வலிய கொறைக்கும், கிரேப் பேண்டேஜ் விரல் பக்கத்துலேர்ந்து மேல சுத்தணும், விரல் மரத்துப்போனா உடனே தளத்திடணும், தலகாணி வச்சு கால நெஞ்சுக்கு மேல தூக்கி வைக்கணும். பசங்களுக்கு கால் மடங்கி வீங்குச்சுன்னா தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட காட்டிடுங்க, வளருற பிள்ளைங்களுக்கு எலும்பு வளர்ற பகுதி லிகமெண்ட விட பலவீனம், சுளுக்கு மாதிரி தெரியுறது அங்க முறிவா இருக்கலாம்.

இத ஏன் இவ்வளவு நீளமா எழுதுறேன்னா, எனக்கு இது மொத தடவ இல்ல, அதே கால் நாலு வருஷத்துல மூணாவது தடவ. முன்னாடி ரெண்டு தடவையும் வீக்கம் வத்துனதும் சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன். பாதம் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்கு சேதி சொல்றதுல லிகமெண்டுக்கும் பங்கு இருக்குன்னு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரியும். கிழிஞ்சப்புறம் அந்த சேதி லேட்டா போகுது, மேடு பள்ளத்துல கால் சாயுறப்போ தசை சுதாரிக்கிறதுக்குள்ள மடங்கிடுது. வலி போனாலும் அந்த சேதிய திரும்பப் பழக்குற வேலை பாக்கி இருக்கு, அத நான் ரெண்டு தடவையும் செய்யல.

இந்த தடவ செய்யுறேன். செவுத்துக்குப் பக்கத்துல நின்னு, பல் தேய்க்கிறப்போ வலது கால்ல மட்டும் நிக்கிறது. மொத நாள் எட்டு செகண்ட், பாதம் அப்படியே நடுங்குச்சு. இப்போ கண்ண மூடிக்கிட்டே இருவது செகண்ட் நிக்க முடியுது. அத்தையும் பக்கத்துல செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்க ஆரம்பிச்சிருக்காங்க.